பூசத்துப் பிள்ளையும் ஆயில்யத்துப் பிள்ளையும்

காலை ஏழரை மணிக்குச் சேதி வந்தது. ராயகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் முகம்மது ஹுசைன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"உங்க பெரியத்தான் மத்தியான வண்டிக்கு வாராங்களாம் டீச்சர். பிள்ளையைத் தயாரா வைக்கச் சொன்னாங்க."

எந்தப் பிள்ளை என்று வடிவாம்பாள் கேட்கவில்லை. அவள் கணவன் கைலாசம் காய்ச்சலில் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. அவனுடைய அண்ணன் அம்பலவாணனுக்குக் குழந்தை இல்லை. பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு இரட்டைப் பிள்ளைகளை ஒருத்தியால் வளர்க்க முடியாது, மூத்தவனை நாங்கள் சுவீகாரம் எடுத்துக்கொள்கிறோம் என்று போன மாதம் கடிதம் போட்டிருந்தார். மூத்தவன் சுப்பு பூசத்தில் பிறந்தவன். இருபது நிமிஷம் கழித்து இளையவன் நாறும்பு பிறப்பதற்குள் ஆயில்யம் வந்துவிட்டது. தங்கள் வீட்டுக்குப் பூசம்தான் ஆகும் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அவள் பதில் எழுதவில்லை. எழுதாததையே அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முற்றத்தில் அதற்குள் சண்டை மூண்டிருந்தது. யார் தலையில் முதல் செம்புத் தண்ணீர் விழுவது என்று வழக்கு. இரண்டரை வயதுதான், ஆனால் வேலியில் உட்காரும் காக்காயைக்கூட என் காக்கா, உன் காக்கா என்று பிரித்து வைத்திருந்தார்கள். அவள் செம்பை இருவர் தலைக்கும் நடுவே பிடித்து ஊற்றினாள். உனக்குத்தான் நிறைய விழுந்தது என்று சுப்பு தம்பியின் தோளைக் கடித்தான். நாறும்பு அண்ணனின் முடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஏலே, விடுல! இருக்கது ஒரு மண்டை, அதையும் பிச்சிராத!" என்று சிரித்தபடியே பிரித்தாள்.

கடிப்பவன் சுப்பு, முடியைப் பிடிப்பவன் நாறும்பு. அவளுக்கு இந்த அடையாளம் போதும். தெருக்காரர்களுக்கு இது தெரியாது. இடுப்பில் கறுப்பு அரைஞாண் இருந்தால் சுப்பு, சிவப்பு இருந்தால் நாறும்பு என்றுதான் அவர்கள் கூப்பிட்டார்கள்.

ஈரம் துவட்டிக்கொண்டிருந்த கை அரைஞாணில் வந்து நின்றது. ஆண்பிள்ளையின் இடுப்பை வெறுமனே விடக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். இரண்டு கயிறுகளையும் நறுக்கி, வெந்நீர் அடுப்புக்குள் போட்டாள்.

மத்தியானம் அம்பலவாணனும் அவர் மனைவி முத்துமீனாளும் வந்தார்கள். மூத்தவனுக்குக் கட்ட முத்துமீனாள் வெள்ளி அரைஞாண் வாங்கி வந்திருந்தாள்.

"என்னட்டி இது, ரெண்டும் மூளி இடுப்பா நிக்கி! மூத்தது எது?"

"தெரியலையே அக்கா. குளிப்பாட்டும்போது கயிறு போயிட்டு."

"பெத்தவளுக்கே தெரியலையா? ஆளை மாத்தித் தந்துராத தாயி. ஆயில்யத்தை நான் தொட மாட்டேன். அது பொறந்துதானே என் கொழுந்தனைக் கொண்டுபோச்சு."

தரையில் கிடந்து ஒரு கொட்டாங்கச்சிக்காக உருண்டுகொண்டிருந்த இரண்டு பேரையும் வடிவாம்பாள் பார்த்தாள்.

அம்பலவாணன் குனிந்து, "சுப்பு, பெரியப்பாட்ட வா" என்றார். இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். "சரி, நாறும்பு வா" என்றார். அதற்கும் இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டால் மற்றவனுக்குப் பொறுக்காது. அவர் பையிலிருந்து ஒரு கருப்பட்டி மிட்டாயை எடுத்தார்.

"இது சுப்புவுக்கு மட்டும்தான். யாரு சுப்பு?"

"நாந்தான் சுப்பு!"

"போல, நாந்தான் சுப்பு!"

ஒருவன் கடித்தான், ஒருவன் முடியைப் பிடித்தான். மிட்டாய் உடைந்து அம்பலவாணனின் வேட்டியெல்லாம் பிசுபிசுத்தது. வடிவாம்பாள் சிரிப்பு வெளியே தெரியாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"வடிவு, உனக்குத் தெரியும்."

"தெரியும் அத்தான். சொல்ல மாட்டேன்."

"ரெண்டையும் வச்சுக்கிட்டு நீ படப்போற பாடு தெரியுமா?"

"பட்டுக்கிடுதேன். ஒருத்தனைப் பூசம்னு நீங்க கூட்டிட்டுப் போனா, இங்கன இருக்கவன் ஆயுசு பூரா ஆயில்யம்லா? இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம். ரெண்டு பேரும் இங்கனதான் வளருவாங்க."

முத்துமீனாள் வெள்ளிக் கொடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு முதலில் எழுந்தாள். அம்பலவாணன் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, நாலரை வண்டிக்குக் கிளம்பினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் முறத்தோடு உட்கார்ந்தாள். ஆளுக்கொரு பக்கம் வந்து, அம்மாவின் மேல் யார் கால் போடுவது என்று சண்டை போட்டு, அந்தச் சண்டை முடியும் முன்னே இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். எழுந்திருக்க வழியில்லை. முறத்தில் முருங்கைக்கீரை பாதி உருவியபடி கிடந்தது.