கழுத்தில் பொன், மூக்கில் சளி

மாட்டு டாக்டரைக் குதிரைக்குக் கூப்பிடுகிற நேரத்தில் ஊரே கூடி வைத்தியத்தை முடித்திருக்கும். நமக்கு மிச்சம் வைப்பது வியாதியை மட்டும்தான். கோவில்பட்டிப் பக்கம் ஆடு, மாடு, கோழி என்று ஓடவே எனக்கு நேரம் போதவில்லை. இதில் வண்டிப் பந்தயத்துக்கென்று சிலர் குதிரை வேறு வளர்க்கிறார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லையென்றால் அடுத்த மழைக்குள் நடந்துவிடும்.

பொன்னுக்கு வீங்கி

கழுகுமலை ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். சுடலைமுத்து அண்ணாச்சியின் பந்தயக் குதிரை ராணிக்குத் தாடைக்கு அடியில் வீக்கம், தீனி இறங்கவில்லை என்று போன் வந்தது. கரிசல் சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டதால் ஸ்கூட்டரை ரோட்டோரம் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ராணி தலையைத் தொங்கப் போட்டு நின்றது. கழுத்தில் தங்கச் சங்கிலி! சுற்றளவுக்குப் போதாமல் இரண்டு முனையிலும் சணல் வைத்து நீட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று நகை போட்டுவிடுவோமே, அதே வைத்தியம். "இது வேற கிருமி அண்ணாச்சி, உள்ள சீழ் கட்டுது" என்றேன். பதில் அவர் மனைவி செல்லத்தாயிடமிருந்து வந்தது: "கிருமியோ என்னமோ, ஊசி போடுதப்ப சங்கிலியப் பாத்துக்கிடுங்க டாக்டரம்மா. எங்க அய்யா கல்யாணத்துக்குப் போட்டது."

காய்ச்சல்

குதிரைக்குக் காய்ச்சல் பார்ப்பது வாலுக்கு அடியில். உதை வாங்காமல் தெர்மாமீட்டரை வெளியே எடுத்தாலே பாதி வெற்றி. நூற்று நான்கு காட்டியது. "காலையில பருத்திக்காடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். ஓடுன வண்டி சூடாத்தான இருக்கும்?" என்றார் அண்ணாச்சி. சீக்குக் குதிரையை எதற்கு ஓட்டினீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"சீக்கா இல்லையான்னு பாக்கத்தான்."

மூக்கு

தாடை வீக்கம், காய்ச்சல், மூக்கில் கெட்டிச் சளி மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற குதிரைத் தொற்று. கட்டி பழுத்து உடைந்தால் குதிரை அநேகமாகப் பிழைத்துவிடும். நிம்மதியாகக் கையுறையைக் கழற்றப் போனவள், டார்ச் அடித்து மூக்குக்குள்ளும் ஒரு தடவை பார்த்துத் தொலைத்தேன். உள்ளே சின்னதாக ஒரு புண்.

அந்தப் புண் க்ளாண்டர்ஸுக்கும் அடையாளம். அது மனிதர்களுக்கும் தொற்றும் பொல்லாத நோய். உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டும். கையுறையை மறுபடியும் இழுத்து மாட்டிக்கொண்டேன். ரத்தமும் சீழும் எடுத்து, உறைக்கு மேல் உறை போட்டு, ஆபீஸ் ஜீப்பில் லேபுக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை பந்தயம் கிடையாது, வேறு குதிரை பக்கத்தில் வரக் கூடாது, சளியைத் தொடக் கூடாது என்றேன். கெட்ட முடிவு வந்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. அண்ணாச்சி ராணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பம் முடிவ மெதுவாவே அனுப்பச் சொல்லுங்க."

நலம் விசாரிப்பு

மறுநாள் போனால் வாசலில் கூட்டம். ஒரு அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நிற்கிறாள். அண்ணாச்சிக்கா குதிரைக்கா என்று நான் கேட்கவில்லை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு தொழுவத்துக்குள் நுழைந்தால் அங்கே இரண்டு குதிரை! பந்தயத்தில் அண்ணாச்சிக்குப் பரம எதிரியான ராமசுப்பு, தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது ராணியின் தண்ணீர் வாளியை நோக்கிக் கழுத்தை நீட்டியது. நான் போட்ட சத்தத்தில் வாளியே கவிழ்ந்தது. தொற்றுநோய் இருக்கிற இடத்துக்கு யாராவது குதிரையைக் கூட்டிக்கொண்டு வருவார்களா என்று கத்தினேன். ராமசுப்புவுக்கு முகம் சுண்டிப்போனது.

"சீக்காளியப் பாக்க வெறுங்கையோடயா வர முடியும்? அதான் இவளையும் கூட்டிட்டு வந்தேன்."

முடிவு

லேபிலிருந்து போன் வந்தபோது ஒரு வெள்ளாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். க்ளாண்டர்ஸ் இல்லை, ஸ்ட்ராங்கிள்ஸ்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டுக்காரர் ஆட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அவரும் அழ ஆரம்பித்தார். ஆடும் இரண்டு குட்டிகளும் நலம் என்று அவரைத் தேற்றிவிட்டுக் கிராமத்துக்கு ஓடினேன்.

கட்டி அன்று காலையில்தான் உடைந்திருந்தது. ராணி ஈரத் தவிட்டை மெள்ள மென்று விழுங்கியது. "பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சாதாரணக் கட்டிதான். ராணி பிழைச்சுக்கிட்டா" என்றேன். மனுசன் கைகூப்புவார், காலில் விழ வந்தால் எப்படித் தடுப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். சட்டையெல்லாம் சீழ். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வெறும் கட்டிக்கா எங்க உயிர எடுத்தீங்க? பந்தயமும் போச்சே, டாக்டரம்மா!"

இருக்கிற வியாதியைக் கண்டுபிடித்தால் கைராசிக்காரி, இல்லாத வியாதியை இல்லை என்று கண்டுபிடித்தால் வேலையத்தவள்: இதுதான் நம் தொழில்.