பாடையில் படுத்திருந்தது பத்துமலைதான்

அது பொம்மை இல்லை. இதைச் சொல்ல முடியாமல் ஆறு வருசமாக வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். சுங்கை சிப்புட்டில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் எவனாவது ஒருத்தன் ஆரம்பிப்பான். "டிவில 'பத்து நாள் தலைவர்' தொடர் பாத்தீங்களாண்ணே? அந்தப் பொணப் பொம்மைய என்னமா செஞ்சிருக்கானுங்க!"

பொம்மையாம். அது என் கூட்டாளி பத்துமலை. ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு நான் லாரி ஓட்டப் போனேன். அவன் ஈப்போவில் ஒரு பேரங்காடி வாசலில் ஜாகாவாக, காவலுக்கு நின்றான். இப்போது அவன் இல்லை. அவன் சம்சாரம் இருளாயியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தொடர் ஒரு நாவலில் இருந்து எடுத்தது. நான் படிக்கவில்லை, ஆறாம் வகுப்போடு சரி. படப்பிடிப்பில் சும்மா கிடந்த நேரத்தில் பத்துமலைதான் படித்துச் சொன்னான். தோட்டத்துக் கோயிலில் கொடி ஏறிய அன்று கமிட்டித் தலைவரை யாரோ மண்டையில் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். வெளியே தெரிந்தால் சாவுத் தீட்டு, திருவிழா நின்றுபோகும். அதனால் கமிட்டிக்காரர்கள் பிணத்தைப் பத்து நாள் ஒளித்து வைக்கிறார்கள். அரிசி மூட்டைக்கு நடுவில், தேருக்கு அடியில், ஐஸ் பெட்டிக்குள். நீதான் கொன்னே, நீதான் கொன்னே என்று சண்டை போட்டுக்கொண்டே தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். சாமி சத்தியமாகச் சிரிப்பு வரும்.

தலைவராக உயிரோடு பேசியவர் கேஎல், அதாவது கோலாலம்பூர் நடிகர். முதல் பாகத்தோடு அவர் கிளம்பிவிட்டார். அவருடைய முகவெட்டு பத்துமலைக்கு இருந்ததால், மிச்சம் முழுக்கப் பிணம் வேலை இவனுக்கு. பிணத்தை ஏற்றும் லாரி என்னுடையது.

என்ன வேலை செய்தான் தெரியுமா? ஒருநாள் மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது. அசையவில்லை. இயக்குநர் ரூபன் 'கட்' சொல்லியும் எழுந்திருக்கவில்லை. பயந்துபோய் உலுக்கினேன்.

"இரு மச்சான், ஈ போகட்டும். அதுவும் நல்லாத்தானே நடிக்குது" என்றான்.

அந்த வருசம் அவன் மகள் தினேஸ்வரிக்குப் பிரசவம் கஷ்டமாகிப் போனது. தாயும் பிள்ளையும் பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டான். இரண்டு பேரும் பிழைத்தார்கள். திருவிழாவுக்கு நாள் குறித்துக் காப்பும் கட்டியாகிவிட்டது.

படப்பிடிப்பு அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டியது. மழை பிடித்துக்கொண்டதில் கடைசிக் காட்சி தள்ளிப்போனது. நாவலில் பிணத்தைக் கோப்பெங் பக்கம் ஈயம் தோண்டிய குட்டையில் தள்ளிவிடுவார்களாம். தொடரில் அதை மாற்றிவிட்டார்கள். திருவிழா முடிந்ததும் தலைவர் அன்றைக்குத்தான் செத்ததுபோல் பாடை கட்டி, மேளம் வைத்து, ஒளித்து வைத்தவன்களே முன்னால் நின்று மாரில் அடித்து அழுவான்கள். அந்தப் பாடையில்தான் காப்புக் கட்டிய பத்துமலை படுக்க வேண்டும்.

"போகாதடா" என்றேன்.

"பேச்சுக் குடுத்தாச்சு மச்சான். நான் போகலன்னா அந்தப் புள்ளைங்க பட்ட பாடெல்லாம் குப்பைலா."

ரூபன் அவன் கையில் காப்பாகக் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைக் கழற்றச் சொன்னார். "கழட்ட முடியாது தம்பி. செத்தவரும் கோயில் தலைவர்தானே, அவர் கையிலயும் இருக்கட்டுமே" என்றான். ரூபனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பத்துமலை நெற்றியில் காசு வைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டுப் படுத்தான். தூக்கியவன்களே திரும்பித் திரும்பிப் பார்த்தான்கள்.

எவனோ அதைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸாப்பில் விட்டுவிட்டான். மறுநாளே எங்கள் கோயில் கமிட்டி அவனைக் கூப்பிட்டது. நானும் போனேன்.

தலைவர் தனேஸ்வரன் கைப்பேசியை நீட்டினார். "காப்புக் கட்டுனவன் எழவு வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது. நீ பாடையிலயே படுத்துட்டு வந்திருக்கே. எப்படிய்யா தீச்சட்டி குடுக்கறது?"

"நான் சாகலையே தலைவரே. செத்திருந்தா நானா நடந்து வருவனா, நீங்கல்ல தூக்கிட்டு வந்திருக்கணும்?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஆனால் பூக்கட்டும் செல்லாயி அக்கா குறுக்கே வந்தது. "சும்மா சொல்லக்கூடாதுய்யா, நெசப் பொணமேதான். நான் பாத்துட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அடுத்த நொடியே தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது.

தனேஸ்வரன் கெட்டவர் இல்லை. யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். "அது பொம்மைன்னு மைக்ல சொல்லிடு. சனங்க வாய அடச்சுடலாம். உன் வேண்டுதலும் நிக்காது."

அத்தனை நாள் ஈயும் எறும்பும் கடிக்கப் படுத்துக் கிடந்தவன் வாயாலேயே அதைப் பொம்மை என்று சொல்ல வேண்டுமாம். பத்துமலை காப்பைத் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் மைக்கை வாங்கினான்.

"அது பொம்மைங்க. கேஎல்லேர்ந்து கொண்டாந்தாங்க."

தீச்சட்டி எடுத்தான். பேரப்பிள்ளையை இருளாயி தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தது.

அதோடு விட்டானா? ரூபனைக் கூப்பிட்டு, தொடரில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"பைத்தியமாடா உனக்கு?" என்று கத்தினேன். "சாமிக்கு முன்னாடியே பொய் சொன்னே. பேரையாவது விட்டுத் தொலையேன்!"

"ஆத்தாவுக்குத் தெரியும்லா மச்சான். கமிட்டிக்குத்தான் தெரியக்கூடாது. மைக்ல ஒண்ணு சொல்லிட்டு டிவில ஒண்ணு காட்டுனா, நாளைக்கு தனேஸ்வரனத்தானே கேப்பானுங்க?"

தனக்கு வழி காட்டிய மனுசனுக்கும் சேர்த்து யோசித்திருக்கிறான். எனக்கு அந்தப் புத்தி வராது.

தொடர் ஓடியது. ஊரே பார்த்தது. ஒருநாள் கோப்பிக் கடையில் ஒரு பயல், "அது தாய்லாந்துல செஞ்சதாம், சுத்தமான ரப்பராம்" என்று அளந்துகொண்டிருந்தான். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பத்துமலை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"ரப்பர்தான் தம்பி. நம்ம ஊரு ரப்பரா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை உறிஞ்சினான்.

போன வருசம் நெஞ்சுவலி என்று பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் படுத்தான். சாயங்காலம் பார்க்கப் போனேன். இருளாயி கஞ்சி வாங்க வெளியே போயிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே என் கைப்பேசியைக் காட்டி, அந்தப் பாடைக் காட்சியைப் போடச் சொன்னான். போட்டேன். அவன் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெருமுனையில பாடைய இறக்கி வெப்பானுங்க பாரு. அங்க எனக்கு மூச்சு முட்டிப்போச்சு மச்சான். வயிறு அசையுதான்னு பாத்துச் சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாத."