ஆடிக் கிருத்திகையில் வைத்த கல்யாணம்

என் மகளின் கல்யாணத்தை ஆடி மாதத்தில் வைத்தது என் மூளைதான். அதில் வேறு யாரும் பங்கு கேட்க வேண்டாம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருடம் அது. திருத்தணியில் ஆடியில் யாரும் கல்யாணம் செய்யமாட்டார்கள். சமையல்காரர் சும்மா இருப்பார். நாங்களோ வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், பஞ்சாங்கம் பார்க்கிற வழக்கம் கிடையாது. புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்று முடிவு செய்தேன். மூன்று ஞாயிறு ஆராதனையிலும் எங்கள் கோவிலில் கல்யாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவித்தாயிற்று. அப்புறம்தான் சமையல்காரரிடம் போனேன்.

"இன்னா வாத்தியாரே, வெளையாடுறீங்களா? அன்னிக்கு ஆடிக் கிருத்திகைங்க! ஊரே காவடி எடுத்துகினு வரும். நானே மொட்டை போடப் போறேன்."

பிறந்ததிலிருந்து அந்த முருகன் மலையடியிலேயே கிடக்கிறேன், இது தோன்றவில்லை! எங்கள் சபைப் பாதிரியாரான ஐயரிடம் ஓடினேன்.

"ஒரு வாரம் தள்ளி வெச்சிக்கலாமே," என்றார். "ஆண்டவர் சித்தம் இன்னான்னு ஜெபம் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணாம இருப்பேனா ஐயரே?"

பண்ணினேன்தான். தேதியையும் மணியையும் ஆண்டவருக்குத் தெரிவித்திருந்தேன், கேட்கத்தான் இல்லை. தள்ளி வைத்தால் ஊர் சிரிக்குமே என்ற வீம்பு வேறு.

"பஞ்சாங்கத்துக்குப் பயந்து தேதிய மாத்தினா நாம இன்னா கிறிஸ்தவங்க?" என்று ஒரு போடு போட்டேன். ஐயர் பதிவேட்டில் அந்தத் தேதியையே எழுதிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். அவருக்கே அன்று ரயிலில் கால் வைக்க இடமில்லை. மூன்று மணிக்கு மகள் வெள்ளைப் புடவையில் கோவிலில் வந்து உட்கார்ந்தாள். நான்கு ஆனது, ஐந்தும் ஆனது. வெளியே மேளம் கேட்டபோதெல்லாம் மாப்பிள்ளைதான் என்று வாசலுக்கு ஓடினேன். எல்லாம் காவடி. மாலை ஏழுக்குமேல் ஐயர் கல்யாணம் நடத்தக் கூடாது என்பது சட்டம்.

"ஆண்டவரே, உம்முடைய சித்தம் ஆகட்டும், ஆனால் ஆறரைக்குள் ஆகட்டும்" என்று ஜெபித்தேன். பிறகு ஆறே முக்கால் வரை தவணை கொடுத்தேன்.

"செத்த குந்துங்க, நீங்க ஓடுறதப் பாத்து தல சுத்துது எனக்கு," என்றாள் மனைவி.

"நான் குந்தினா ரயில் வந்துடுமா?"

"நின்னா மட்டும் வந்துடுச்சா?"

ஏழு அடித்தது. ஐயர் அங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். ஏழே காலுக்கு மாப்பிள்ளை வந்தார், காவடிக் கூட்டத்தோடு எட்டு மைல் நடந்து, முழங்கால் வரை புழுதியோடு.

"கால் மணிதானே ஐயரே!"

"ராஜாவே கேட்டாலும் முடியாதுங்க. காலைல பாக்கலாம்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கால் மணி நேரம் கொடுத்திருந்தால் ஆண்டவருக்கு என்ன குறைந்திருக்கும்? சபைப் பெண்கள் சமைத்த விருந்தை, கல்யாணம் ஆகாமலே எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மகள் அருகில் வந்தாள். "நைனா, அவருக்குக் காலெல்லாம் கொப்புளம். நாளைக்கு எத்தினி மணிக்கு?"

ஆறு மணிக்கு என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"கேட்டுச் சொல்றேம்மா."

"ஐயரையா?"

"அவரையும்," என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குள் போய் முழங்காலிட்டேன். பாதி ஜெபம் புகாராகத்தான் வந்தது. மீதிப் பாதியில் என்ன சொல்வதென்று தெரியாமல் சும்மா இருந்தேன்.