முழு நீளக் கேரியர்

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் ஒரு பழைய ஜீப் வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஆறு, மலை, சேறு எதுவும் அதைத் தடுக்காது என்றார். எங்கள் வீடு மந்தைவெளியில், அவருடைய அலுவலகம் நந்தனத்தில். வழியில் ஆறும் கிடையாது, மலையும் கிடையாது. தெருவைத் தோண்டிப்போட்ட பிறகு மழை பெய்தால் கொஞ்சம் சேறு கிடைக்கும்.

வண்டி வந்த மறுவாரமே, கூரைமேல் ஒரு கேரியர் இல்லாவிட்டால் அது ஜீப்பே இல்லை என்று ஆரம்பித்தார். மயிலாப்பூர் பிளாட்பாரத்தில் வாங்கிய பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம். பாலைவனத்தில் ஒரு ஜீப். அதன் தலைமேல் கூடாரம், எண்ணெய் டின்கள், மண்வெட்டி. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்.

கேரியரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கூரை ஓரத்து விளிம்பைக் கவ்விக்கொள்ளும் இரண்டு குறுக்குக் கம்பிகள். வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதபோது கழற்றிப் பரணில் போடலாம். இன்னொன்று, கூரை முழுவதற்கும் போல்ட் அடித்து நிற்கும் தட்டு. சுற்றிலும் கம்பி வேலி, பின்னால் ஏணி, முன்னால் நாலு விளக்கு. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. என்னைப் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி ஆறுவதற்குள் சம்மதம் சொன்ன மனிதர்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவருடைய நண்பர், தன் வேனில் குறுக்குக் கம்பிதான் போட்டிருப்பதாகவும் அதன்மேல் எத்தனை புடவை மூட்டை ஏற்றினாலும் தாங்குகிறது என்றும் சொன்னார். "அது சரக்கு வண்டி" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் முகத்தைச் சுளித்தார் இவர். தன்னுடையது என்ன வண்டி என்று சொல்லவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கோடம்பாக்கம் போனார். ஷூட்டிங் வேன்களுக்குக் கேரியர் செய்துகொடுக்கும் ஒரு வெல்டர் அங்கே இருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தவர், "மேல இன்னா ஏத்தப் போறீங்க சார்?" என்று கேட்டார்.

"கூடாரம், டீசல் கேன், ஸ்பேர் டயர்..."

"எங்க போறீங்க?"

"காட்டுக்கு."

"காடு கிண்டிலயே கீதே சார். பஸ்லயே போலாமே."

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் வெல்டிங்கே வைக்கலாம். வெல்டர் நல்ல மனுஷன், "ரெண்டு கம்பி போட்டுக்க சார், அது போதும். இத்த போட்டா வண்டி ஒசந்துடும்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "நீங்க படத்துல இருக்கறபடி பண்ணுங்கோ" என்றார் இவர்.

இவரே டேப்பை எடுத்துக் கூரையின் நீளம், அகலம், மூலைக்கு மூலை எல்லாம் அளந்தார். உயரத்தை அளக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தின் உத்தரம் எவ்வளவு தாழ்வு என்று எனக்குத் தெரியும். அதில் கட்டிய கொடியில் துணி உலர்த்துகிறவள் நான்தானே. இது உள்ளே நுழையாது என்று அப்போதே பட்டது. சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் நான் வாயைத் திறந்தபோதெல்லாம் "நோக்கு இதெல்லாம் புரியாது" என்றார். சரி, புரியாதவளாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்துக் கேரியரோடு வண்டி வந்தது. வாசலிலேயே ஹாரன் அடித்து எல்லோரையும் பால்கனிக்கு வரவழைத்தார். பிறகு ஜம்மென்று உள்ளே ஓட்டினார். நாலு விளக்கும் வரிசையாக உடைந்தன. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம், என்ன சத்தம் என்று யோசித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். கம்பி வேலி உத்தரத்துக்கு அடியில் போய் இறுகிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"டயர்ல காத்தை எறக்குங்கோ" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"புது டயர் மாமி!" என்று அலறினார் இவர், ஏதோ காற்று இறங்கினால் மறுபடி அடிக்கவே முடியாது என்பதுபோல.

மாடியில் ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார் ஒருவர் இருந்தார். ரொம்ப நாளாக யாரும் அவரிடம் சந்தேகம் கேட்கவில்லை. அவர் இறங்கிவந்து ஜீப்பை ஒரு சுற்று சுற்றினார். "எல்லாரும் உள்ளே ஏறி உக்காருங்கோ. பாரம் ஏறினா ஸ்பிரிங் தாழும்."

ஏறினோம். மாமி, மாமியின் நாத்தனார், வாத்தியார், கீழ்வீட்டுத் தம்பதி, நான் என்று ஆறு பேர். யாரோ ஒருவர் முழங்கை என் விலாவில். "எல்லாரும் மூச்சை விடாதேள்" என்றார் வாத்தியார். அது எந்த விதியோ தெரியாது. ஜீப் ஒரு முனகலோடு இரண்டு விரற்கடை தாழ்ந்தது. என் கணவர் ரிவர்ஸ் எடுத்தார். உத்தரத்திலிருந்து சுண்ணாம்பு கொட்ட, வண்டி பத்தடி பின்னால் வந்து வெயிலில் நின்றது.

"அவ்ளோதானா? நான் காட்டுக்குப் போறோம்னு நெனச்சேன்" என்று மாமி புடவையை உதறிக்கொண்டு இறங்கினார். யாரிடமும் பதில் எதிர்பார்க்காத குரலில்தான் சொன்னார். என் கணவர் மட்டும், "போவோம் மாமி, டிசம்பர்ல" என்றார். எனக்கு அந்த ஒரு நிமிஷம் அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

மறுவாரம் கேரியரைக் கழற்றி அந்த வெல்டரிடமே கொடுத்துவிட்டு வந்தோம். அவர் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. போல்ட் அடித்த பன்னிரண்டு ஓட்டைகளையும் ஏதோ பசை வைத்து அடைத்தார். ஐப்பசி மழையில் பதினொன்று தாக்குப்பிடித்தன. பன்னிரண்டாவது டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே. அந்த மழைக்காலம் முழுக்க என் கணவர் தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நந்தனத்துக்கு ஜீப் ஓட்டினார். கடைக்கோ கோயிலுக்கோ கூடப் போகும் நாட்களில் நான் பக்கத்தில் காய்ந்த சீட்டில் உட்கார்ந்து, அவர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.