குடும்பம் என்று சொன்ன கோச்

என் மகள் அமீரகத்தின் அல் ஐன் நகரில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ், என் வீட்டுக்காரர் ஏசி டெக்னீஷியன். இருவருமே கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள். பந்து விளையாடுகிறவர்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம். அதற்காக அமெரிக்காவில் கல்லூரிச் சீட்டே கொடுப்பார்கள் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் அவள் தன் ஆட்ட வீடியோக்களை அங்குள்ள கல்லூரிகளுக்கு அனுப்பினாள். ஒரு கோச் வீடியோ காலில் வந்தார். முக்கால் மணி நேரப் பேச்சில் கால்பந்தைவிடக் குடும்பம் என்ற வார்த்தைதான் அதிகம் வந்தது. உதவித்தொகையோடு இடம் உண்டு, இனி நீங்களும் எங்கள் குடும்பம் என்றார். அமெரிக்காவில் சொந்தக்காரர் கிடைத்துவிட்ட மிதப்பில் என் வீட்டுக்காரர் அந்த வாரமே தேவாலயத்தில் நன்றித் திருப்பலிக்கு எழுதிக் கொடுத்தார். வேறு இரண்டு கல்லூரிகள் கேட்டபோது, "ஒருத்தருக்கு வாக்கு குடுத்தாச்சில்லா, வேண்டாம்னு சொல்லிரு மக்கா" என்றார். நாங்கள் வாக்குத் தவறாத பரம்பரை என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து மகள் போனைப் பார்த்தபடி சொன்னாள்: "மம்மி, கோச் போயிட்டாரு."

நர்ஸுக்கு அந்த வார்த்தை ஒரே அர்த்தத்தில்தான் கேட்கும். "ஐயோ, எப்போ? ஹார்ட்டா?"

"இல்ல மம்மி, பெரிய காலேஜுக்கு மாறிட்டாரு. போஸ்ட் போட்டிருக்காரு."

படத்தில் புதுக் கல்லூரியின் சட்டை, அதே சிரிப்பு. புதிய குடும்பத்தில் சேர்வதில் பெருமையாம்.

பழைய கல்லூரிக்கு வந்த புதிய கோச், 'அன்புள்ள வீராங்கனை' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பெயர் போடக்கூட நேரமில்லாத அளவுக்கு அன்பு. அணியைத் தன் பாணியில் அமைக்கப்போகிறாராம். இன்னும் உயரமான கோல்கீப்பர் தேவையாம். உதவித்தொகை கிடையாது, சொந்தச் செலவில் வந்தால் அணித் தேர்வில் கலந்துகொள்ளலாம்.

"மூணு மாசத்துல புள்ள உயரம் குறஞ்சா போச்சி?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார், நான்தான் அளந்து அனுப்பியதுபோல.

கொடுத்த வாக்கு எங்கே என்று தேடினோம். எதுவும் எழுத்தில் இல்லை. மகள் பழைய கோச்சுக்கே எழுதினாள். இரண்டே வரியில் பதில்: இங்கே இடம் நிரம்பிவிட்டது, தொடர்பில் இரு. பிரிந்துபோன குடும்பங்களில் இந்த அளவு மரியாதையே அபூர்வம்தான்.

இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள், நாங்கள் வேண்டாம் என்ற இரண்டு கல்லூரிகளுக்கும் எழுதினாள். ஒன்றில் இடமில்லை. மற்றது சிறிய கல்லூரி; அதன் பெண் கோச் வீடியோ காலில் வந்தார். வணக்கம் சொன்ன கையோடு மகள் கேட்டாள்: "நீங்க போயிட்டா என் சீட் என்ன ஆகும்?"

கேமராவில் தெரியாத இடத்திலிருந்து அவள் தொடையைக் கிள்ளினேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "நியாயமான கேள்வி. உதவித்தொகைக் கடிதத்தைக் கல்லூரி கொடுக்கும். அது கைக்கு வரும்வரை என்னை நம்பாதே."

கடிதம் வந்தது. வீட்டுக்காரர் அதை முற்றுப்புள்ளிகள் உட்பட நான்கு முறை வாசித்தார்.

அவள் போய்ச் சேர்ந்த முதல் வருடமே அந்த அம்மாளும் வேறு கல்லூரிக்குக் கிளம்பிவிட்டார். மகள் அதை மழைச் செய்திபோலச் சொன்னாள். கடிதம் கல்லூரியுடையது என்பதால் சீட்டு தப்பியது. புதிதாக வந்தவர் தனக்குப் பிடித்த ஒருத்தியை கோல்கீப்பராக நிறுத்திவிட்டு, இவளை ஏழு ஆட்டம் பெஞ்சில் உட்காரவைத்தார். எட்டாவது ஆட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு விரலில் அடிபட, இவள் இறங்கினாள்.

மறுநாள் டீ இடைவேளையில் அதன் வீடியோவைப் பார்த்துவிட்டு அவளை அழைத்தேன். "ரெண்டு கோலு விட்டுட்டியே மக்களே."

"ஆறு தடுத்தேன் மம்மி. அத யாருமே கேக்க மாட்டீங்களா?"