குழந்தை குளித்த தண்ணீரும் நீலக் கனகாம்பரமும்

குழந்தை குளித்த தண்ணீரை ஊற்றி வரும் செடி, தண்ணீரே வேண்டாம் என்று நின்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

என் புகுந்த வீட்டில், ஆண்டு நிறைவு வரை குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர் யார் காலிலும் படக்கூடாது. ஒரு பூச்செடியின் வேரில் ஊற்ற வேண்டும். நடுவில் செடியை மாற்றக்கூடாது. பெரம்பலூரில் பிள்ளை பெற்றுத் திரும்பியபோது அம்மா ஒடித்துக் கொடுத்த நீலக் கனகாம்பரக் கிளையைக் கிணற்றடியில், நல்ல வெயிலில் நட்டிருந்தேன். அது வேர் பிடித்ததும் அதையே தேர்ந்தெடுத்தேன். தாய்வீட்டுச் செடி என் பிள்ளையோடு வளரட்டும் என்ற ஆசை. "தண்ணி ரொம்பக் காட்டாதடி, காஞ்சு கெடந்தாலும் பொழச்சுக்கும்" என்று அம்மா சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆடியில் அடியிலைகள் மஞ்சளாகின. அதே வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

"பாத்தியா, செடியும் வாடுது, புள்ளையும் வாடுது. இன்னுங் கொஞ்சம் சேத்து ஊத்து" என்றார் மாமியார்.

ஊற்றினேன். இலைகள் உதிர்ந்தன. வைத்தியர் மருந்தில் குழந்தையின் வயிறு அடங்கியது. உடம்பு மட்டும் தேறவில்லை. காலையில் குழந்தை முகத்தைப் பார்க்கும் முன் செடியைப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் மண்ணைக் கிளறினேன். எங்கள் அரியலூர்ச் சுண்ணாம்பு மண் கூழாகி, அழுகல் வாடை அடித்தது.

"அத்தை, தண்ணிதாங்க அதுக்கு ஆவல. வாழைக்கு ஊத்தட்டுங்களா?"

"நல்லாருக்கே! படிச்ச மருமவ, செடிக்கும் வயித்தால போவுதுன்னு கண்டுபுடிச்சிட்டா. நடுவுல மாத்துனா புள்ளைக்குத்தாம்மா ஆவாது."

செடி பட்டுப்போனால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கும் வந்திருந்தது. செடியின் அடியிலிருந்து வாழை வரை ஒரு சிறு வாய்க்கால் கீறினேன். தண்ணீரை வழக்கம்போல் செடியின் வேரில்தான் ஊற்றினேன். அது நனைத்துவிட்டு ஓடிப்போயிற்று. மாமியார் வாய்க்காலைப் பார்த்தார். "ம்" என்றார். அது சம்மதமா, கோபமா?

கார்த்திகையில் செடி துளிர்த்து நீலமாகப் பூத்தது. முதல் பூக்களை மாமியாரே சாமிக்கு வைத்தார். குழந்தை இன்னும் மெலிவுதான். "புள்ளையோட சத்தெல்லாம் வாழைக்குல்ல போவுது!" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசியில் ஆண்டு நிறைவு. அதுவரை வாய்க்கால் இருக்கலாமா, மூடிவிடட்டுமா? மூடினால் வேர் அழுகும். விட்டுவைத்தால் என் மனம் ஆறாது. பிள்ளை வளர்த்த சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.