யெல்காவின் ஈரச் சுவர்

பிரிகிதாவின் பெயரைக் கேட்டாலே யெல்காவுக்கு வயிறு எரியும். அதை அவள் மறைத்ததும் இல்லை. வெலேன்யே ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டாக்களோடு மல்லுக்கட்டியே ஓய்வு பெற்றவள், குரலைத் தணித்துப் பேசிப் பழக்கமில்லை. "அந்தப் பொம்பளை மூக்கைச் சிந்தினாலும் இங்க இருக்கிற ஆம்பளைங்களுக்கு அழகாத்தான் தெரியும்" என்று, கோடைக்கு வந்து தங்குகிற கேம்ப்பில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்.

க்ர்க் தீவில், கடலைப் பார்த்த வரிசையில், சின்ன வீடு மாதிரியான இரண்டு பேருடைய கேரவன் வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எல்லாரையும் போல மே மாதம் வந்து திறப்பார்கள், செப்டம்பரில் பூட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சக்கரங்கள் உருண்டு எத்தனையோ காலமாயிற்று. பிரிகிதா மாரிபோரில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். புருஷனைப் பறிகொடுத்து ஆறேழு வருஷம் ஆகிறது. இந்த வயதிலும் ஒல்லி, இந்த வயதிலும் உதட்டுச் சாயம். அவளுடைய வண்டியில் ஒரு கறை கிடையாது, ஒரு பூஞ்சைப் புள்ளி கிடையாது. அதைப் பார்க்கப் பார்க்க யெல்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எரிச்சல் வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரூடி அல்லவா அங்கே போய்க்கொண்டிருந்தான்! யெல்காவின் புருஷன் ரூடி நிலக்கரிச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன். வீட்டில் அவனிடமிருந்து ஒரு முழு வாக்கியத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்பேர்ப்பட்டவன் காப்பியைக் குடித்த கையோடு, "பிரிகிதாவோட குழாய் சொட்டுதாம், பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவான். மறுநாள் கதவுக் கீல். அதற்கு மறுநாள் கேஸ் குழாய். போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவான். என் புருஷன் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த வண்டிக்குக் குடிபோய்க்கொண்டிருக்கிறான் என்று யெல்கா நம்பினாள். இந்தக் கேரவனும் ஒரு நாள் பாழாகிப் போய்விட்டால் அவனைப் பிடித்துவைக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான் அவளுடைய பயம்.

இந்த வருஷம் மே மாதம் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை அடித்தது. நனைந்த கோணிப்பையின் வாடை. மெத்தையைத் தூக்கினாள், அடிப்பக்கம் கறுப்பு. சன்னலுக்குக் கீழே சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், விரல் உள்ளே போய்விட்டது.

"ரூடி! இங்க வந்து பாரு! சுவரு டீயில நனைச்ச பிஸ்கட்டு மாதிரி இருக்கு!"

ரூடி வந்து எட்டிப் பார்த்தான். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "காயட்டும்" என்றான். அப்புறம், "பிரிகிதாவோட மின்விசிறி ஓடலயாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

"போ, போ! மின்விசிறிக்குக் கீழயே பாய் போட்டுப் படுத்துக்க!" என்று யெல்கா கத்தியது கடல்வரைக்கும் கேட்டிருக்கும்.

கத்திவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை. திருப்புளியையும் சுத்தியலையும் எடுத்து வைத்துக்கொண்டு சுவரைத் தானே பெயர்க்க ஆரம்பித்தாள். உள்பக்கத்து பிளைவுட் ஏடு ஏடாகக் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்த தெர்மாகோலைத் தூக்கினால் தண்ணீர் சொட்டியது. சட்டமாக நின்ற மர ரீப்பர்கள், தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. ஒவ்வொரு துண்டையும் வாசல் வழியே வெளியே வீசும்போது அதை பிரிகிதாவின் தலையிலேயே போடுவதாக நினைத்துக்கொண்டாள், அலுப்புத் தெரியவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரையைத் தடவினாள், காய்ந்து கிடந்தது. சன்னல் ரப்பரை விரலால் இழுத்துப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. ஈரமெல்லாம் சன்னலுக்கு ஒரு சாண் கீழே தொடங்கி அடிவரை இறங்கியிருந்தது. உள்ளே அந்த இடத்தில் துருப்பிடித்த நாலு திருகாணி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

வெளியே போய்ப் பார்த்தாள். ஜெரேனியம் பூத்தொட்டி!

மூன்று வருஷம் முன்பு பிரிகிதாவின் சன்னலுக்குக் கீழே சிவப்பு ஜெரேனியம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். அன்றைக்கே யெல்கா அதைவிட நீளமான தொட்டி வாங்கி வந்துவிட்டாள். "வீட்டுச் சன்னல்ல மாட்டலாம், இதுல ஓட்டை போடக்கூடாது யெல்கா, இது வெறும் தகடு" என்று ரூடி சொன்னான். "அவ கேட்டிருந்தா இந்நேரம் ஓடிப்போய்ப் போட்டிருப்ப!" என்றாள் இவள். அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை, டிரில் மெஷினை எடுத்து நாலு ஓட்டை போட்டான். அன்றிலிருந்து அவள் கோடை முழுக்கத் தினம் காலையும் மாலையும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள், பிரிகிதாவின் பூவைவிடத் தன் பூ பெரிதாகப் பூக்க வேண்டும் என்று.

இப்போது ஒரு திருகாணியைக் கழற்றினாள். ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் சுவரில் வழிந்தது.

பக்கத்து வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிரிகிதாவின் தொட்டி சுவரைத் தொடவே இல்லை. இரண்டு ஒல்லிக் கால்களில் தரையில் நின்றது, நடுவே கை நுழைகிற இடைவெளி. இத்தனை நாளும் அந்தப் பூவையே முறைத்துக்கொண்டிருந்தவள் அதன் கால்களைப் பார்த்ததே இல்லை.

ஆனாலும் யெல்கா லேசில் தோற்கிறவளா? ஓட்டை போட்டவன் ரூடி. சுற்றிப் பசை வைத்து ஒழுங்காக அடைத்திருக்க வேண்டியவனும் ரூடி. சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயார் செய்துகொண்டாள். "ஒரு ஓட்டை ஒழுங்காப் போட உனக்கு வக்கில்ல!" நன்றாக வந்திருந்தது.

அப்போது பிரிகிதாவே வந்தாள். கையில் ஒரு சுருள் பசை நாடா, ஒரு கட்டு ரீப்பர், ஒரு டப்பா மரப்பசை.

"இதெல்லாம் போன வருஷம் என் வண்டிக் கூரையில வேலை பாத்தப்ப மிஞ்சினது. வச்சுக்க. முதல்ல நல்லாக் காய விடு, அவசரப்பட்டு மூடிடாத."

"ரூடிதான உனக்குச் செஞ்சு குடுத்தான்?" என்றாள் யெல்கா வெடுக்கென்று.

பிரிகிதா சிரித்துவிட்டாள். "ரூடியா? அவன் எங்க செஞ்சான்? கூரை, குழாய் எல்லாம் நான்தான் பாத்தேன். அவன் நாற்காலியில உக்காந்துட்டு திருகாணிய எடுத்துக் குடுப்பான். வாய் மட்டும் ஓயாது!"

"வாய் ஓயாதா? ரூடிக்கா?"

"ஐயோ, சுரங்கக் கதைய ஆரம்பிச்சா நிறுத்த முடியுமா? எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

யெல்கா படியில் உட்கார்ந்தாள். அவன் அங்கே உழைக்கப் போகிறான் என்றிருந்தவரை மனசுக்கு ஒரு பிடி இருந்தது. திருப்புளி பிடிக்கிற கையை யார் வேண்டுமானாலும் இரவல் வாங்கலாம். பேச்சு அப்படியா? இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சூப்புக் குடித்தவளுக்குக் கிடைக்காத பேச்சை, இன்னொருத்தி நாற்காலி போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"உன் பூத்தொட்டி வழியாத் தண்ணி இறங்குதுன்னு போன கோடையிலயே எங்கிட்டச் சொன்னான்" என்றாள் பிரிகிதா, குரலைத் தாழ்த்தி.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, ஓட்டை போடக்கூட வக்கில்லன்னு கத்துவியாம். இப்பவும் என் வண்டியிலதான் பயந்துட்டு உக்காந்திருக்கான். அவன்தான் என்னை அனுப்பினான்."

அவள் தயார் செய்து வைத்திருந்த அதே வாக்கியம்! சுவர் இற்றுப்போனாலும் போகட்டும், இவளிடம் சொல்லவேண்டாம் என்று ஒரு மனுஷன் குளிர்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான். பிரிகிதாவை அறையவேண்டும் போல் இருந்தது. அறைந்து என்ன பிரயோசனம்?

எழுந்து இரண்டு வண்டிக்கும் நடுவே இருந்த வேலியோரம் போனாள்.

"ரூடி! வெளிய வா!"

ரூடி தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஓட்டை போடச் சொன்னது நான்தான். நீ வேணாம்னுதான் சொன்ன. வந்து ஒரு கை பிடி."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான், வேறு யாரோ பேசியதுபோல.

சுவர் காய்வதற்கு ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று. இற்ற ரீப்பர்களை வெட்டி எறிந்து புதிதாக இறக்கினார்கள். ஓட்டைகளை வெளியே இருந்து தகடு வைத்து, பசை நாடாவால் அடைத்தார்கள். தெர்மாகோல் வைத்தார்கள். கடைசியில் பிளைவுட்டுக்குப் பசை தடவி வைத்தபோது அது நடுவில் உப்பிக்கொண்டே வந்தது. முட்டுக் கொடுக்கக் கட்டை எட்டவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, முதுகை அதில் சாய்த்து, காலை எதிரே இருந்த கட்டில் பலகையில் ஊன்றி அழுத்திக்கொண்டார்கள். பசை பிடிக்கிறவரை அசையக்கூடாது.

"சுரங்கத்துக் கதையெல்லாம் சொல்லுவியாமே" என்றாள் யெல்கா, அவனைப் பார்க்காமல். "எனக்கும் ஒண்ணு சொல்லேன்."

"உனக்கா? நீ கேக்க மாட்டியே."

"இப்ப எங்க ஓடப் போறேன்? சொல்லு."

ரூடி தொண்டையைச் செருமினான். சுரங்க லிஃப்ட் பாதியில் நின்றுபோன கதை. உள்ளே கும்மிருட்டு. குண்டு ஷ்டெஃபானுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் கையை நீட்டித் துழாவினான், ஒரு தலைக்கவசம் அகப்பட்டது, அதிலேயே போய்விட்டு நிம்மதியாக நின்றான். விளக்கு வந்தது. பார்த்தால், வெறுந்தலையோடு நிற்கிறவர் பெரிய எஞ்சினியர்! "'யாருப்பா என் கவசத்த எடுத்தது'ங்கறார். இவன் மரியாதையா ரெண்டு கையால நீட்டறான்…"

நல்ல கதை. சொன்ன விதம் அதைவிட நன்றாக இருந்தது. கை எங்கே வீச வேண்டும், குரலை எங்கே இறக்க வேண்டும், எல்லாம் கச்சிதம். பல தடவை சொல்லிப் பழகிய கச்சிதம். கவசத்தை நீட்டிய இடத்தில் நிறுத்தி, புருவத்தை உயர்த்திக் காத்திருந்தான்.

யெல்கா சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது.

ரூடிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! பிரிகிதாவும் இதே இடத்துலதான் சிரிப்பா!"

யெல்காவுக்கு அப்படியே எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல் இருந்தது. முதுகை எடுத்தால் பிளைவுட் பிரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாகச் சாய்ந்தாள்.

"அவளுக்குச் சொல்லாதது ஏதாவது இருந்தா சொல்லு" என்றாள்.

ரூடி யோசித்தான். வெகுநேரம் யோசித்துக்கொண்டே இருந்தான்.